குடல் ஆபரேஷன்: கத்திக்கு முன்னும் பின்னும்

“காத்து பிரிஞ்சுதா?” வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடம் டாக்டர், நர்ஸ், பார்க்க வந்த சொந்தக்காரர் என எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காற்று பிரிந்தால்தான் குடல் வேலையைத் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதுவரை வாய்வழியே ஒன்றும் கிடையாது. மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ், கட்டிலே கதி. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் இப்படிக் கிடப்பது பல நாடுகளிலும் வழக்கமாக இருந்தது.

இதில் எது உண்மையிலேயே நோயாளிக்கு நல்லது என்று 1990களில் கேட்டவர் டென்மார்க்கின் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட். அபின் வகை வலி மருந்துகள் குடலை மந்தப்படுத்தும். அதனால் முதுகில் செருகிய மெல்லிய குழாய் வழியே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி வலியை அடக்கினார். மூக்குக் குழாயைக் கைவிட்டார். நோயாளிகளைச் சீக்கிரமே குடிக்கவும் எழுந்து நடக்கவும் வைத்தார். 2000இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்து ஆபரேஷன் செய்துகொண்ட 60 பேரில் பாதிப் பேராவது இரண்டே நாளில் வீடு திரும்பியிருந்தார்கள். அவர்களில் சிலர் மறுபடி வந்து சேர நேர்ந்ததும் உண்மை. அந்த முறை மெருகேறி, இன்று ‘ஈராஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கிறது.

சர்ஜன்களின் பெரிய பயம் கசிவு.

நோயுற்ற பகுதியை எடுத்தபின் குடலின் இரு முனைகளையும் தையலாலோ ஸ்டேப்ளராலோ இணைக்கிறார்கள். சில நாள் கழித்து அந்த இணைப்பு விட்டுப்போனால், மலம் வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த ஓட்டம் போதாவிட்டால் இணைப்பு ஆறாது. அது ஆசனவாய்க்கு நெருங்க நெருங்க அபாயம் கூடும். புகைபிடிப்பவர்களுக்கும் சத்துக் குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகம்.

இணைப்பு ஆறும்வரை மலத்தை வேறு வழியில் திருப்பிவிடத்தான் வயிற்றில் தற்காலிகமாகப் பை பொருத்துகிறார்கள். பை என்றதுமே பலரும் பதறிப்போவார்கள். ஆனால் மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 234 பேரிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானபோது வித்தியாசம் பளிச்செனத் தெரிந்தது. பை பொருத்தாதவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தொந்தரவு தரும் கசிவு ஏற்பட்டது. பொருத்தியவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான்.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நாட்களையும் பயன்படுத்தலாம் என்கிறது 2023இல் வெளியான ‘பிரீஹாப்’ ஆய்வு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரில் ஒரு பிரிவினருக்கு நான்கு வாரம் கடுமையான உடற்பயிற்சி, புரதம் கூடிய உணவு, மன ஆதரவு, புகைப்பழக்கத்தை விட உதவி எல்லாம் தரப்பட்டன. அவர்களில் 17 சதவீதம் பேருக்கே கடுமையான சிக்கல்கள் வந்தன. வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் அது கிட்டத்தட்ட 30 சதவீதம்.

செலவு குறைந்த வழிகளும் உண்டு. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், வயிற்றில் அறுவை செய்துகொண்ட 13,301 பேரிடம் ‘சீட்டா’ என்ற ஆய்வு நடந்தது. வயிற்றை மூடித் தைக்கும் முன் புதுக் கையுறையும் சுத்தமான கருவிகளும் மாற்றிக்கொண்டதில், புண்ணில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது என்று 2022இல் முடிவு வெளியானது.

குடல் முழுக்க அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாக வருபவர்களுக்கு நான்கு வாரப் பயிற்சிக்கெல்லாம் நேரமில்லை. திட்டமிட்டுச் செய்வதைவிட அவசர ஆபரேஷனில் உயிரிழப்பும் அதிகம். அந்த நிலை வராமலிருக்க அறிகுறிகளை முன்பே கவனிக்க வேண்டும். ஆனால் மலத்தில் ரத்தம் போனால் ‘மூலமாக இருக்கும்’, ‘உடம்புச் சூடு’ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் பலர். மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை ஆகியவையும் டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகளே. குடலில் கட்டி இருப்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால், சிலருக்கு வயிற்றைத் திறக்காமல், ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்தும் கொலனோஸ்கோப்பி மூலமாகவே அதை அகற்றிவிட முடியும்.