காலக்கெடு முடிந்ததாம்! வேலை முடிந்ததா?

இண்டூரிலிருந்து ஓசூர் ஆலைக்குப் போன தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், புதுப்பிக்க இயலாதாம். இரண்டே வரி! இடையிடையே நான்கு நாள் வீட்டுக்கு அனுப்பி, மூன்று முறை இதே காகிதத்தைக் கொடுத்தவர்கள்தான் இப்போது கையை விரிக்கிறார்கள். அவர் ஓட்டிய இயந்திரம் நிற்கவில்லை. மறுநாளே வேறொருவர் அதை ஓட்டுகிறார். “கையெழுத்துப் போட்டவன் நான்தானே தோழரே, கேட்க வழியுண்டா?” என்கிறார்.

உண்டு. ஆனால் வழி குறுகிவிட்டது.

ஸ்டேட் பாங்க் ஒரு தற்காலிகச் சிப்பந்திக்கு ஒன்பது நாள் வேலை என்று எழுதிக் கொடுத்து, நாள் முடிந்ததும் அனுப்பிவிட்டது. விட்டுவிட்டு அவர் செய்த வேலையோ 240 நாள் ஆகியிருந்தது. தேதி தானாக முடிந்தாலும் அது ஆட்குறைப்புத்தான், நஷ்டஈடு தராமல் நீக்கியது செல்லாது என்று 1976-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், 1957-ல் கேரளத்தில் மந்திரியாயிருந்தவர். முதலாளிகளுக்குப் பொறுக்குமா? 1984-ல் பார்லிமென்டில் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதது ஆட்குறைப்பாகாதாம்! 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பும் அதே பாட்டைத்தான் பாடுகிறது.

சர்க்காரே வழிகாட்டும்போது முதலாளியை என்ன சொல்ல? கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை, 2022 டிசம்பர் 31-உடன் கெடு முடிந்தது என்று தமிழக சர்க்கார் நிறுத்தியது. சேலத்திலும் சென்னையிலும் அவர்கள் போராடியதை நாடு பார்த்தது.

ஆயினும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. தற்காலிகம் என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கி, நிரந்தர உரிமையை மறுப்பது முறைகேடான செயல் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் 1981-ல் தனிச் சட்டமே வந்தது. மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் வேலை பார்த்து 2018-ல் வெளியேற்றப்பட்ட துப்புரவுத் தொழிலாளரையும் தோட்டக்காரரையும் நிரந்தரமாக்கும்படி 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அது சர்க்கார் வேலை. தனியார் ஆலைக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். ஆனால் கோர்ட் காகிதத்தோடு நிற்காமல் வேலையின் தன்மையைப் பார்த்ததே, அதுதான் நமக்கு முக்கியம்.

நம் தோழரிடம், மூன்று காகிதமும் இருக்கிறதா என்று கேட்டோம். இரண்டுதான் இருக்கிறதாம், ஒன்றை ஆபீஸில் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். பரவாயில்லை. சம்பளச் சீட்டிலும் பிராவிடண்ட் பண்டு கணக்கிலும் மாதங்கள் அத்தனையும் பதிவாகியிருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு வரும் திங்களன்று ஓசூரில் சங்கத் தோழர்களோடு லேபர் ஆபீஸுக்குப் போகிறார்.