ஸ்டார் ட்ரெக் கப்பலில் எக்ஸ்-மென்: ‘கிராஸ்ஓவர்’ நாவல்களில் யாருமே ஏன் தோற்பதில்லை?

திருவண்ணாமலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் ‘யார் பெரியவர்?’ என்று போட்டி வருகிறது. நடுவில் அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக சிவன் நிற்கிறார். விஷ்ணு பன்றியாகி பூமியைக் குடைந்து அடியைத் தேடுகிறார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். இருவராலும் முடியவில்லை. அந்த நெருப்புதான் மலையாகக் குளிர்ந்தது என்பது தலபுராணம். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரை ஏற்றப்படுவதும் அந்த நினைவாகத்தான்.

பக்தியை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு வெறும் கதையாக மட்டும் பாருங்கள். தனித்தனி ரசிகர் கூட்டம்… மன்னிக்கவும், பக்தர் கூட்டம் கொண்ட மூன்று பேர் ஒரே கதைக்குள் சந்திக்கிறார்கள். சந்தித்த உடனே வரும் முதல் கேள்வி, ‘யாரு பெரியவங்க?’

இன்று சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கல்லூரி விடுதியில் நடக்கும் சண்டையும் இதே கேள்விதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. திருவண்ணாமலை கதையில் ஒருவர் உண்மையிலேயே தோற்றார். ஹாலிவுட் பாணி கிராஸ்ஓவரில் அப்படி யாரும் தோற்பதில்லை. ஏன்?

கிராஸ்ஓவர் என்றால் என்ன?

ஒரு கதையுலகத்தைச் சேர்ந்த கதாபாத்திரம், வேறொரு கதையுலகத்துக்குள் நுழைவதுதான் கிராஸ்ஓவர். ஒரே எழுத்தாளரின் இரண்டு ஹீரோக்கள் சந்திப்பது எளிது. இரண்டு வேறு முதலாளிகளின் ஹீரோக்கள் சந்திப்பதுதான் சிக்கல்.

இதற்கு நல்ல உதாரணம், 1998-ல் வெளியான ‘பிளானட் எக்ஸ்’ என்ற ஆங்கில நாவல். எழுதியவர் மைக்கேல் ஜான் ஃப்ரீட்மேன். ஒரு பக்கம் ஸ்டார் ட்ரெக். 1966-ல் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளி அறிவியல் புனைகதை. இன்னொரு பக்கம் எக்ஸ்-மென். 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய சூப்பர்ஹீரோ அணி.

நாவலில் ஒரு கிரகத்து இளைஞர்கள் சிலருக்குத் திடீரென விசித்திர சக்திகள் வருகின்றன. ஊரே அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறது. அவர்களை ஆயுதமாகப் பயன்படுத்த வேற்றுக்கிரகப் படை ஒன்று படையெடுத்து வருகிறது. கேப்டன் பிக்கார்டின் கப்பலும், அங்கே வந்து மாட்டிக்கொண்ட எக்ஸ்-மென் அணியும் சேர்ந்து அதைத் தடுக்க வேண்டும்.

கதைத் தேர்வு சும்மா நடந்ததல்ல. ‘வித்தியாசமாகப் பிறந்தவர்களை சமூகம் என்ன செய்கிறது?’ என்பது எக்ஸ்-மென் கதைகளின் அடிப்படைக் கேள்வி. ‘புதிய கிரகத்தில் அடுத்தவர் விவகாரத்தில் தலையிடலாமா?’ என்பது ஸ்டார் ட்ரெக்கின் கேள்வி. இரண்டையும் ஒரே கிரகத்தில் வைத்துக் கேட்டதுதான் இந்த நாவல்.

இந்தக் கூட்டணி எப்படி அமைந்தது?

ரசிகர்கள் கேட்டதால் மட்டும் இல்லை. ஒப்பந்தம் இருந்தது. 1996 முதல் 1998 வரை, பாரமவுண்ட் நிறுவனத்தின் ஸ்டார் ட்ரெக் காமிக்ஸை வெளியிடும் உரிமை மார்வெலிடம் இருந்தது. இரண்டு பேரின் பொம்மைகளும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டன. பிறகென்ன, சேர்த்து விளையாட வேண்டியதுதானே?

1996-ல் முதல் காமிக்ஸ் வந்தது. ஸ்டார் ட்ரெக்கின் டாக்டர் பெயர் மெக்காய். எக்ஸ்-மென் அணியின் ‘பீஸ்ட்’ பெயரும் டாக்டர் மெக்காய்தான். ‘டாக்டர் மெக்காய்’ என்று கூப்பிட்டதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கும் காட்சியை ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1998-ல் இரண்டாவது காமிக்ஸ், அதன் தொடர்ச்சியாக ‘பிளானட் எக்ஸ்’ நாவல். ஒப்பந்தம் முடிந்தது, கூட்டணியும் முடிந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட், நாவல் வந்த இரண்டே ஆண்டுகளில், 2000-ல் வெளியான ‘எக்ஸ்-மென்’ படத்தில் புரொஃபசர் எக்ஸாக நடித்தார். புத்தகத்தில் சந்தித்த இரண்டு உலகங்கள், திரையில் ஒரே முகத்தில் சந்தித்தன.

சரி, ஏன் யாரும் தோற்பதில்லை?

கதாபாத்திரங்கள் எழுத்தாளருடையவை அல்ல என்பதுதான் காரணம். இந்த வகை நாவலை எழுதுபவர் வாடகைக்கு வீடு எடுத்தவர் மாதிரி. குடியிருக்கலாம், சுவரை இடிக்கக் கூடாது. ஹீரோவைக் கொல்ல முடியாது, கல்யாணம் செய்துவைக்க முடியாது, அவமானப்படுத்த முடியாது. கதை முடியும்போது எல்லாரும் வந்த இடத்துக்கே, வந்த மாதிரியே திரும்ப வேண்டும்.

1976-ல் டிசியும் மார்வெலும் சேர்ந்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் மோதவிட்டபோது இது வெளிப்படையாகவே தெரிந்தது. சூப்பர்மேன் ஒரு அடி அடித்தால் ஸ்பைடர்மேன் கதை முடிந்துவிடும். அப்படி நடந்தால் மார்வெல் ஒப்புக்கொள்ளுமா? அதனால் வில்லன் லெக்ஸ் லூதர், ஸ்பைடர்மேன் மீது ஒரு கதிரைப் பாய்ச்சி தற்காலிகமாகப் பலம் கொடுப்பதாகக் கதை எழுதினார்கள். கொஞ்ச நேரம் சண்டை, பிறகு இருவரும் கைகோத்து வில்லன்களை அடிக்கிறார்கள். நம்ம ஊர் இரண்டு ஹீரோ படங்களில் இருவருக்கும் ஆளுக்கு ஒரு ஓப்பனிங் பாட்டு வைப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

விதிவிலக்கு இல்லையா? இருக்கிறது. 1996-ல் ‘டிசி வெர்சஸ் மார்வெல்’ காமிக்ஸில் முக்கியமான 5 சண்டைகளின் முடிவை வாசகர்களின் ஓட்டுக்கே விட்டார்கள். யார் தோற்றாலும் பழி கம்பெனி மேல் வராது, வாசகர் மேல்தான். அங்கும் கடைசியில் இரண்டு உலகங்களும் பிரிந்து பழைய நிலைக்கே திரும்பின.

முதலாளிகள் ஒத்துப்போகாவிட்டால்?

வாசகருக்குப் புத்தகமே கிடைக்காது. டிசியின் ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் அவெஞ்சர்ஸும் சந்திக்கும் கதையை, ஓவியர் ஜார்ஜ் பெரெஸ் 1980களின் தொடக்கத்திலேயே வரையத் தொடங்கினார். இரண்டு நிறுவனங்களுக்கும் கருத்து வேறுபாடு. வரைந்த பக்கங்கள் முடங்கின. கர்ட் பூசியக் எழுத, அதே பெரெஸ் வரைய, புதிய கதையாக அது வெளிவந்தது 2003-ல்தான். கிட்டத்தட்ட 20 ஆண்டுகள்!

வந்த பிறகும் நிலைமை சுலபமாகவில்லை. மறுபதிப்புக்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டுமே. பெரெஸ் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தபோது, 2022-ல் ‘ஹீரோ இனிஷியேட்டிவ்’ என்ற தொண்டு அமைப்பின் வழியாக 7,000 பிரதிகள் மட்டும் அச்சாயின. அந்த ஆண்டு மே மாதமே பெரெஸ் மறைந்தார்.

திருவண்ணாமலையில் மட்டும் எப்படி தோற்க முடிந்தது?

புராணத்துக்கு முதலாளி கிடையாது என்பதால்தான். அடியைக் காணவில்லை என்று விஷ்ணு ஒப்புக்கொள்கிறார். பிரம்மா தாழம்பூவைப் பொய்சாட்சிக்கு அழைத்து மாட்டிக்கொள்கிறார். தாழம்பூவுக்கு சிவபூஜையில் இடம் போனது, பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது. இந்தச் சந்திப்பின் விளைவு கதைக்கு வெளியிலும் நீடிக்கிறது. பல சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் உள்ள லிங்கோத்பவர் சிற்பத்தில் மேலே அன்னமும் கீழே பன்றியும் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. நரசிம்மரின் உக்கிரத்தை அடக்க சிவன் சரபமாக வந்தார் என்று சைவர்கள் சொல்ல, அந்த சரபத்தையும் அடக்க விஷ்ணு கண்டபேருண்டப் பறவையானார் என்று வைணவ மரபு பதில் சொன்னது. யார் வேண்டுமானாலும் அடுத்த பாகம் எழுதலாம் என்றால் இப்படித்தான் நடக்கும்.

மகாபாரதத்தில் பீமன், ராமாயணத்து அனுமனைக் காட்டில் சந்திக்கும் இடமும் கிராஸ்ஓவர்தான். வழியில் கிடக்கும் வாலைத் தூக்கி நகர்த்தப் பார்க்கிறான் பீமன். அசைக்க முடியவில்லை. அவனுக்குக் கொஞ்ச நேரம் பலம் கூட்டிக்கொடுக்க எந்த லெக்ஸ் லூதரும் வரவில்லை. பீமன் தோற்கிறான், தன் கர்வத்தை உணர்கிறான். அந்தத் தோல்விதான் கதையே.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இது இன்றும் மேடையில் நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் பாரதக் கூத்து. கூத்தின் கட்டியங்காரன் துரியோதனனிடம் பேசிக்கொண்டே உள்ளூர் அரசியலுக்கும் தாவுவார், கூட்டத்தில் இருப்பவரையும் வம்புக்கு இழுப்பார். இரண்டு உலகங்களுக்கு நடுவே விசா இல்லாமல் போய்வருபவர் அவர். செய்யாறு பக்கம் உள்ள புரிசை கிராமத்துக் கூத்துக் குழு, ஜெர்மனியின் பிரெக்ட், கொலம்பியாவின் மார்க்வெஸ் ஆகியோரின் படைப்புகளையும் கூத்து வடிவத்தில் மேடையேற்றியிருக்கிறது.

தமிழில் இப்படி நாவல்கள் உண்டா?

இரண்டு தனித்தனி உரிமையாளர்களின் அறிவியல் புனைகதையும் சூப்பர்ஹீரோவும் சந்திக்கும் ‘பிளானட் எக்ஸ்’ மாதிரி பெரிய முயற்சி நமக்குப் பழக்கமில்லை. ஆனால் பக்கத்தில் வந்திருக்கிறோம்.

சுஜாதா தன் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்தை, 1980களின் தொடக்கத்தில் ‘கொலையுதிர் காலம்’ தொடரில் பேயா விஞ்ஞானமா என்ற குழப்பத்துக்குள் இறக்கினார். ஹோலோகிராம் என்ற சொல்லைப் பலர் முதன்முதலில் படித்ததே அங்கேதான். இரண்டு வகைக் கதைகள் ஒன்று சேர்ந்தன, ஆனால் இரண்டுமே அவருடைய வீடு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு இன்னொரு உதாரணம். இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனில் பிறந்தவர். முதலில் அவர் கதையை எழுதிய கென் புல்மர் ஒரு அறிவியல் புனைகதை நாவலாசிரியர். ஸ்பைடரின் கதைகளை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இந்த மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி எல்லாரும் ஒரே கதையில் சந்தித்த காமிக்ஸ் 2005-ல் வெளிவந்தது. பெயர் ‘ஆல்பியன்’. கதைக்கரு ஆலன் மூர். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்பட்டவர்கள்தான். ஆனால் அவர்களைச் சந்திக்க வைக்கும் முடிவு இங்கே எடுக்க முடிந்ததல்ல. மாயாவியின் உரிமை இப்போதும் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது.

சினிமாவில் லோகேஷ் கனகராஜ் இதைச் செய்து காட்டினார். ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) மூன்றையும் தயாரித்தவை மூன்று வேறு நிறுவனங்கள். இருந்தும் கதாபாத்திரங்கள் படம் விட்டுப் படம் தாவின. இதில் ‘விக்ரம்’ என்ற ஏஜெண்டின் வேர் சுஜாதாவிடம் இருக்கிறது. காணாமல் போன ‘அக்னிபுத்ரா’ ஏவுகணையைத் தேடும் அந்தக் கதையை அவர் குமுதத்தில் தொடராக எழுத, 1986-ல் படமானது. அதே பெயர் கொண்ட ஏஜெண்டாக கமல் 36 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது, அது கிராஸ்ஓவர் உலகமாகிவிட்டது.

எப்போது கதவு திறக்கும்?

சட்டம் அதற்குத் தேதி குறித்திருக்கிறது. அமெரிக்காவில் 1938-ல் வெளியான முதல் சூப்பர்மேன் கதை 2034 ஜனவரி 1-ல் பொதுவுடைமையாகிறது. அடுத்த ஆண்டு பேட்மேன். முதலில் வந்த வடிவம் மட்டும்தான், பிற்காலச் சேர்க்கைகளுக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கல்கியின் படைப்புகள் அதற்கு முன்பே நாட்டுடைமையாகிவிட்டன. அதனால் வந்தியத்தேவனை இன்று யார் வேண்டுமானாலும் தன் கதைக்குள் கூப்பிடலாம், குதிரைக்குப் பதில் விண்கலத்திலும் ஏற்றலாம். வாசகர்கள் திட்டலாமே தவிர வக்கீல் நோட்டீஸ் வராது.

சுஜாதா மறைந்தது 2008-ல். கணக்குப்படி அவர் எழுத்துக்கான உரிமை 2068 டிசம்பர் 31 வரை நீடிக்கும். கணேஷ்-வசந்தும் சூப்பர்மேனும் மெரினாவில் சந்திக்கும் நாவலை இன்று 20 வயதில் யோசித்து வைத்திருக்கும் ஒருவர், குடும்பத்தினரிடம் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் 60 வயதைத் தாண்டிய பிறகுதான் அதை வெளியிட முடியும். பீமனை அனுமனிடம் தோற்கவைக்க விரும்புபவருக்கு அந்தக் கவலையே இல்லை.