இரவல் என்ஜின், சொந்த மூளை

பார்முலா 1 பந்தயத்தில் அணிகளுக்கான உலகப் பட்டத்தை 9 முறை வென்ற வில்லியம்ஸ், ஒருமுறைகூட என்ஜினைச் சொந்தமாகச் செய்ததில்லை. 1977-இல் ஃபிராங்க் வில்லியம்ஸும் பொறியாளர் பேட்ரிக் ஹெட்டும் தொடங்கிய அணி இது. வெற்றியெல்லாம் ஹோண்டா, ரெனோ என்ஜின்களுக்கே உரியது என்பாருண்டு. 1987-இல் பட்டம் வாங்கித் தந்த ஹோண்டா விலகியதும், மறு ஆண்டு ஒரு பந்தயம்கூடக் கைகூடவில்லை என்பது அவர்களுக்கு வலுவான சான்றுதான். ஆனால் 1980, 1981 பட்டங்கள், காசு கொடுத்த மற்ற அணிகளுக்கும் கிடைத்த காஸ்வொர்த் என்ஜினில் வந்தவை. 1992-இல் ரெனோ என்ஜின் கொண்ட எஃப்டபிள்யூ14பி காரில், மேடுபள்ளத்துக்கும் வளைவுக்கும் ஏற்பக் கணினியே சஸ்பென்ஷனைச் சரிசெய்து, காரைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வைத்தது. 16 பந்தயங்களில் 10 வெற்றி. அதே ஆண்டு ரெனோ என்ஜினோடே ஓடிய லிஷியே அணிக்கு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் கார் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் தனித்து நிற்பதற்கு விலையே இல்லையா? உண்டு. 2005-இல், அதுவரை என்ஜின் தந்துவந்த பிஎம்டபிள்யூ பிரிந்துபோய் சாபர் அணியையே வாங்கியது. அதன்பின் 2020 வரை வில்லியம்ஸுக்கு ஒரே வெற்றி, 2012-இல் ஸ்பெயினில். 2020-இல் ஃபிராங்க் வில்லியம்ஸின் குடும்பம் அணியை விற்றது. ஆனால் பிஎம்டபிள்யூவும் 2009 முடிவில் களத்தைவிட்டே வெளியேறியது. பெருநிறுவனம் லாபநட்டக் கணக்குப் பார்த்து வரும், போகும். பந்தயமே பிழைப்பான அணிக்குத்தான் நீடித்து நிற்கும் கட்டாயம் இருக்கிறது.