மல்யுத்தக் கூடத்துக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கணும்? திருமுக்கூடல் வெயிலை வைத்து ஒரு கணக்கு

மாலை 5 மணி. பயிற்சி சூடுபிடிக்கிற நேரம். மல்லாந்து விழுந்த வீரர், தோள் இரண்டும் மேட்டில் படாமல் இருக்க கழுத்தையும் காலையும் ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கிறார். அவர் பார்வை முழுக்க மேலே. அந்த நொடியில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கண்ணில் அடித்தால்? எதிராளியின் கை கழுத்துக்கு வருதா, இடுப்புக்கு வருதா என்றே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருப்பினால், அடிபடுவது கழுத்தில்தான்.

கிரிக்கெட்டில் இந்தப் பிரச்சனைக்கு பிட்ச்சையே வடக்கு தெற்காகப் போடுகிறார்கள். மல்யுத்தத்தில் வீரர் எந்தத் திசையில் விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் திருத்த வேண்டியது கட்டடத்தைத்தான். ஆனால் ஒரு கல்லூரியில் உள்விளையாட்டுக் கூடம் கட்டும்போது மேட் எத்தனை, கூரை என்ன ஷீட் என்று பேசுகிற அளவுக்கு ஜன்னலைப் பற்றிப் பேசுவதில்லை. வகுப்பறைக்கு வைக்கிற அதே நாலடி ஜன்னல், அதே உயரத்தில். அவ்வளவுதான்.

சரி, எப்படி வைக்கணும்? காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் இருக்கிற திருமுக்கூடலில் ஒரு கல்லூரி மல்யுத்தக் கூடம் கட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

*ஏன் திருமுக்கூடல்?*

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற ஊர். இங்கே உள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் கி.பி. 1068 வாக்கில். ஒரு கல்லூரி, அதில் படித்த மாணவர்களுக்கு விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. மாணவர்கள் தேய்த்துக் குளிக்க எண்ணெய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் என்று செலவுக் கணக்கு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்துக்கு மட்டும் யாரும் செலவெழுதத் தேவை இருக்கவில்லை!

அங்கே படித்தது வேதமும் இலக்கணமும்தான், மல்யுத்தம் இல்லை. ஆனால் மல்லுக்கும் இந்த வட்டாரத்துக்கும் தொடர்பு பழசு. இதே பாலாறு கடலில் கலக்கிற இடத்துக்கு வடக்கே இருப்பது மாமல்லபுரம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் 'மாமல்லன்' என்ற பட்டத்துக்கு 'பெரிய மல்லன்' என்றுதான் பொருள். அதற்கும் முன்னால், சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியதைப் புறநானூறு பேசுகிறது. தமிழ் படித்தவர்கள் இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள்.

அந்த மற்போர் எல்லாம் திறந்த வெளியில் நடந்தது. வட இந்திய அகாடாக்களில் மரநிழலில் மண் குழி. இரானில் 'சூர்கானே' என்ற பாரம்பரியப் பயிற்சிக்கூடம் உண்டு. நடுவில் தாழ்ந்த எண்கோணக் குழி, மேலே குவிமாடம், அதில் உள்ள திறப்பு வழியாக வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கும். வாசல் ரொம்பச் சிறியது, குனிந்துதான் போகணும். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மரபு இது. பக்கவாட்டில் இருந்து கண் கூசாமல், வெளிச்சம் மட்டும் வேண்டும் என்பதை அவர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள்.

நம்ம ஊரில் மல்யுத்தம் கூரைக்குள் போனதற்குக் காரணம் மேட். சர்வதேசப் போட்டிக்கான மேட்டில் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம், சுற்றிலும் பாதுகாப்பு ஓரம் என மொத்தம் 12 மீட்டருக்கு 12 மீட்டர். மழையில் நனையக்கூடாது, வெயிலில் காயக்கூடாது. ஆக, குறைந்தது 50 அடி அகலத்துக்கு ஒரு கூடம் வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

*நடுவில் இருட்டு, ஓரத்தில் கூச்சம்*

ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். கட்டடக் கலைஞர்கள் கையாளும் தோராயக் கணக்கு இது. வழக்கமான ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி. அப்படியானால் வெளிச்சம் 14 அடியிலிருந்து 17 அடி வரை வரும். 50 அடி அகலக் கூடத்தில், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தாலும் நடுவில் பதினைந்து இருபது அடி மங்கலாகவே இருக்கும். மேட் விரித்திருப்பது அந்த நடுவில்தான்.

உடனே என்ன செய்கிறோம்? பட்டப்பகலில் எல்இடி விளக்கு. அதுவும் நேராக மேட்டுக்கு மேலே. மல்லாந்து கிடக்கிறவருக்கு வெயிலுக்குப் பதிலாக இப்போது பல்பு கூசும்.

அதே ஜன்னலை மேலே தூக்கி, மேல்விளிம்பு 14 அடியில் இருக்கிற மாதிரி வைத்தால்? ஒவ்வொரு பக்கமும் 28 அடிக்கு மேல் வெளிச்சம் போகும். இரண்டு பக்க வெளிச்சமும் நடுவில் சந்தித்துவிடும். வீட்டில் லிண்டலுக்கு மேலே வைக்கிறோமே, வெண்டிலேட்டர், அதையே நீளமாக, சுவர் முழுக்கப் போகிற மாதிரி வைப்பதுதான் இது. புதுத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

*எந்தச் சுவரில்?*

கல்லூரிகளில் பயிற்சி பெரும்பாலும் வகுப்புக்கு முன்னால் காலையிலும், வகுப்பு முடிந்து மாலையிலும்தான் நடக்கும். சூரியன் தாழ்வாக இருக்கிற நேரமும் அதே இரண்டுதான்.

திருமுக்கூடலில் மார்ச் 21 வாக்கில், மாலை 5 மணிக்கு சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 19 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் இருக்கும். மேற்குச் சுவரில் 3 அடி உயர ஜன்னல் வைத்து, அந்த வெயிலை சன்ஷேட் போட்டு முழுசாக மறைக்கணும் என்றால் சன்ஷேட் கிட்டத்தட்ட 9 அடி நீளம் வேண்டும். அது சன்ஷேட் இல்லை, போர்டிகோ!

தெற்குச் சுவரில் கதை வேறு. டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே 3 அடி ஜன்னலுக்கு இரண்டேகால் அடி சன்ஷேட் போதும். வடக்குச் சுவருக்கு அரை அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே நண்பகல் வெயிலை நிறுத்திவிடலாம்.

"வடக்கே ஏது வெயில்?" என்று கேட்கலாம். நம்ம ஊருக்கு உண்டு. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். பள்ளிகளில் 'நிழலில்லா நாள்' என்று குச்சி நட்டுக் காட்டுகிறார்களே, அதுதான். இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூனில் சூரியன் மறைவதே நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளித்தான். அதனால் கோடையில் மாலை வெயில் வடக்கு வெண்டிலேட்டரிலும் சாய்வாக எட்டிப் பார்க்கும். அதைத் தடுக்க ஜன்னல்களுக்கு நடுவே செங்குத்தாக ஒன்றரை அடி, இரண்டு அடிக்குத் தடுப்புச் சுவர் நீட்டினால் போதும். ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்களில் உள்ள 'வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்ற பாடத்தை அப்படியே இங்கே காப்பியடித்தால் இந்த இடத்தில்தான் தப்பாகும்.

ஆக, கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக. வெண்டிலேட்டர் வடக்கிலும் தெற்கிலும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் கதவும் ஸ்டோர் ரூமும் உடை மாற்றும் அறையும். வாஸ்து பார்ப்பவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்பலாம்.

*சூடு விளையாட்டு இல்லை*

வெளிச்சத்தை விடப் பெரிய விஷயம் காற்று. 1997-ல் அமெரிக்காவில் நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரை, வெறும் 33 நாளில், மூன்று வெவ்வேறு மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இறந்துபோனார்கள். மூவருமே எடைப்பிரிவுக்குள் வருவதற்காக, காற்றுப் புகாத உடை போட்டுக்கொண்டு, சூடான இடத்தில் உடற்பயிற்சி செய்து வியர்வையை வெளியேற்றியவர்கள். ஒருவர் பயிற்சி செய்த அறையின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ். 1998 ஜனவரியில் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு ரப்பர் உடை, சானா, சூடாக்கிய அறை எல்லாவற்றுக்கும் தடை போட்டது.

33 டிகிரி. அவர்கள் ஹீட்டர் போட்டு உண்டாக்கிய சூடு, காஞ்சிபுரம் பக்கம் சாதாரண மார்ச் மாதப் பகலுக்கே வந்துவிடும். மேலே தகர ஷீட், சுற்றிலும் மூடிய ஜன்னல், உள்ளே முப்பது பேர் வியர்த்துக்கொண்டு இருந்தால் என்ன ஆகும்? இங்கே யாரும் வேண்டுமென்று சூடாக்கவில்லை, கட்டடமே அந்த வேலையைச் செய்கிறது. அந்த மூன்று பேர் இறந்ததற்கு ஜன்னல் மட்டும் காரணம் இல்லை, உடம்பில் இருந்த நீரை வற்றவிட்டதுதான் முதல் காரணம். ஆனால் எடை குறைக்கிற பழக்கம் இங்கேயும் உண்டு என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மேலே வெண்டிலேட்டர் இருந்தால் சூடான காற்று தானாக மேலேறி வெளியேறும். ஆனால் கீழே இருந்து காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் இது நடக்கும். பலரும் மறந்துவிடுகிற பாதி இது. மேட்டை ஒட்டிய சுவரில் ஆள் மோதினால் அடிபடாமல் இருக்க ஆறடிக்குக் குறையாமல் பஞ்சு பேட் மாட்ட வேண்டியிருக்கும், அங்கே ஓட்டை வைக்க முடியாது. அதனால் மேட்டிலிருந்து தள்ளி, கதவு உள்ள பக்கச் சுவர்களில் கீழே செங்கல் ஜாலி விடலாம். அந்தப் பக்கம் தாழ்வாரம் இருந்தால் மழைச்சாரலும் அடிக்காது.

*வெயில் பட்டால் கிருமி சாகுமா?*

மேட்டில் பரவுகிற படர்தாமரை மல்யுத்த வீரர்களின் நிரந்தரத் தொல்லை. 'வெயில் வரட்டும், கிருமி செத்துரும்' என்று சொல்லிக் கண்ணாடி ஜன்னலைப் பெரிதாக வைப்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை. கிருமியைக் கொல்கிற வலுவான புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடும். ஆனாலும் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. இருட்டறைத் தூசியில் சராசரியாக 12 சதவீத பாக்டீரியா உயிரோடு இருந்தது. கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் வந்த அறையில் அது 6.8 சதவீதம்.

இது தூசியில் செய்த ஆய்வு, வியர்வை ஊறிய மேட்டில் செய்தது இல்லை. படர்தாமரை பாக்டீரியாவும் இல்லை, பூஞ்சை. எனவே தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிற வேலையை வெயிலிடம் ஒப்படைக்க முடியாது. இன்னொன்று, நேர் வெயில் தொடர்ந்து பட்டால் மேட்டின் வினைல் உறை இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் போன அழுக்கு எந்தத் துடைப்புக்கும் வராது. மேட்டுக்கு வேண்டியது வெளிச்சமும் காற்றும்தான், வெயில் இல்லை.

*மாணவிகள் பயிற்சி செய்யும்போது*

2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்ற பிறகு மகளிர் மல்யுத்தம் என்றால் என்ன என்று வீட்டில் விளக்க வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. ஆனால் கிராமப்புறக் கல்லூரியில், இறுக்கமான சிங்லெட் உடையில் பயிற்சி செய்கிற மாணவிகளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வேடிக்கை பார்ப்பது இன்னும் நடக்கக்கூடியதுதான். அப்போது என்ன செய்வார்கள்? ஜன்னலைச் சாத்துவார்கள். வெளிச்சமும் போச்சு, காற்றும் போச்சு. சூட்டில் வேகுவது மாணவிகள், வெளியில் நிற்பவர்கள் இல்லை. பத்தடிக்கு மேல் உள்ள வெண்டிலேட்டரை யாருக்காகவும் சாத்த வேண்டியதில்லை. கணக்கில் வராத லாபம் என்றால் இதுதான்.

*ஏற்கெனவே கட்டிய கூடத்துக்கு?*

இடித்துக் கட்டச் சொன்னால் எந்தக் கல்லூரியும் கேட்காது. ஆனால் மேற்கு ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டியோ பச்சை வலையோ கட்ட முடியும். உள்ளே திரை போடுவதை விட இது மேல். திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுக்கப்படும், சூடு உள்ளேயே தங்கிவிடும். கூரையின் வடக்குச் சரிவில் ஒன்றிரண்டு ஷீட்டை மாற்றி, பால்நிற பாலிகார்பனேட் ஷீட் போடலாம். தெளிவான கண்ணாடி ஷீட் வேண்டாம், அது மேட்டில் வெயில் கட்டம் போடும். கூரையின் உட்புறத்துக்கு பளபளப்பு இல்லாத வெள்ளை அடிக்கலாம். ஜோடிகளை நிறுத்தும்போது இருவரில் யாரும் ஜன்னலைப் பார்த்து நிற்காத மாதிரி திருப்பி நிறுத்துவதற்குக் காசே வேண்டாம்.

உங்க ஊர்க் கல்லூரிக் கூடம் எப்படி என்று பார்க்க லக்ஸ் மீட்டர் தேவையில்லை. மாலை 5 மணிக்குப் போய், மேட்டின் நடுவில் மல்லாந்து படுத்து, தலையை நாலு பக்கமும் ஒருமுறை திருப்பினால் போதும்.