சோறு இறங்காதபோது: உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஸ்டென்ட் வைத்தியமும்

நோயாளரின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, அந்தச் சிறு துண்டைக்கூட விழுங்க முடியாமல் தண்ணீருக்குக் கை நீட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்டால், “முதலில் றொட்டி சிக்கியது பாதர், பிறகு சோறு, இப்போது கஞ்சியும் இறங்கவில்லை” என்பார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே தன்னைக் காட்டுகிறது.

உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பைவரை செல்லும், ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக்குழாய். அது விரிந்து கொடுப்பதால் கட்டி சிறிதாக இருக்கும்போது நோய் தெரிவதில்லை. சோறு சிக்கும் வேளையில் கட்டி பெரும்பாலும் வளர்ந்துவிட்டிருக்கும். எனவே பலருக்குச் சத்திரசிகிச்சையால் அதை அகற்ற முடியாமற் போகிறது.

அதற்காக “இனி ஒன்றும் செய்ய இயலாது” என்று நோயாளியைப் பட்டினியில் கிடத்திவிடலாகாது. நோயை மாற்ற முடியாவிட்டாலும் வழியைத் திறக்கலாம்.

நமது கல்குடாப் பகுதியின் மணல் நிலத்தில் கிணறு தோண்டினால், பக்கம் சரிந்து ஊற்றை மூடாதிருக்க வளையம் இறக்குகிறோம். ஸ்டென்ட் செய்வதும் அதுவே. அது மெல்லிய உலோகக் கம்பியால் பின்னிய குழல். வைத்தியர் வாய் வழியாக உட்காட்டிக் குழாயைச் செலுத்தி, சுருக்கப்பட்ட ஸ்டென்டைக் கட்டியுள்ள இடத்தில் விடுவார். அது தானாகவே விரிந்து வழியைத் திறக்கும். நெஞ்சை வெட்ட வேண்டியதில்லை. பலர் ஓரிரு நாட்களில் நீராகாரமும், பின்னர் மென்மையான உணவும் உட்கொள்கிறார்கள். தானாக விரியும் இவ்வகை ஸ்டென்ட் 1990களில் பரவலாயிற்று. அதற்கு முன் விறைப்பான பிளாஸ்ரிக் குழாய்களே அதிகம் பயன்பட்டன.

இது புற்றுநோயைக் குணப்படுத்தாது என்பதை மறக்கக் கூடாது. நெஞ்சுவலி, இரத்தக்கசிவு, ஸ்டென்ட் நழுவுதல், மீண்டும் அடைத்தல் ஆகியன நேரலாம். கடும் வலி, காய்ச்சல், இரத்தவாந்தி, கறுத்த மலம், திடீர் அடைப்பு கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

ஸ்டென்ட் வைத்தபின் கவனிக்க வேண்டியவை:

1. நிமிர்ந்திருந்து, சிறிது சிறிதாக, நன்றாக மென்று உண்ணவேண்டும்.
2. இடையிடையே தண்ணீர் குடிக்கவேண்டும்.
3. குழைந்த சோறு, கூழ், மசித்த பருப்பு, முள் நீக்கிய மீன் நல்லவை. நார் இறைச்சி, காய்ந்த பாண் சிக்கிக்கொள்ளும்.
4. உண்டதும் படுக்கக் கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்தி உறங்கவேண்டும்.

இடம்பெயர்ந்து கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு ஒருநாள் சம்பளம் பெரிது என்பதை அறிவேன். ஆயினும் விழுங்கும் சிரமம் இரண்டு வாரம் நீடித்தால், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். தேவையானால் அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஸ்டென்ட் பொருந்துமா, கதிர்வீச்சு நல்லதா, ஏதாவது வெளியில் வாங்க வேண்டுமா என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். கேளாமல் நகையை அடகு வைக்காதீர்கள். கிளினிக் புத்தகத்தையும் அறிக்கைகளையும் பொலித்தீன் பையில் பத்திரப்படுத்துங்கள்.

வெற்றிலையும் பாக்கும், புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. புகைத்தலும் மதுவும் இந்நோய்க்குக் காரணங்களே.

யாயிரின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியும் சொன்னார். நம் நோயாளரும் தம் பிள்ளைகளோடு இருந்து ஒரு பிடி சோறு உண்ணட்டும்.