அடுக்குக் குலையாத கோழி சாலட்

டிசம்பர் நடுப்பகுதியில் மைசூரு தேவராஜா சந்தைக்குள் நுழைந்தால், கூடைகளில் குவிந்திருக்கும் அவரையின் மணமே முதலில் வந்து மோதும். குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு இவ்வூர்க்காரர்களுக்கு வேறு சான்று தேவையில்லை. அதே நாட்களில் அசோகா சாலையில் புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களில் விளக்குத் தோரணங்கள் ஏறத் தொடங்கும். இப்பேராலயத்துக்கு 1933ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டியவர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சமயம் பாராமல் அண்டை அயலாரை அழைக்கும் வழக்கம் இந்நகரில் இன்றும் உண்டு. அத்தகைய விருந்து மேசைகளில் பிரியாணிக்கும் கேக்குக்கும் நடுவே, வண்ண வண்ணப் பட்டைகளுடன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைச் சில ஆண்டுகளாக நாங்கள் பார்த்து வருகிறோம். அதுவே அடுக்குக் கோழி சாலட்.

இதன் மூதாதை ரஷ்யாவைச் சேர்ந்தது. 1860களில் மாஸ்கோவின் ஹெர்மிடேஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியர் என்ற சமையற்கலைஞர் படைத்த சாலட், காலப்போக்கில் உருளைக்கிழங்கு, பட்டாணி, முட்டை, கோழி எனச் சாமானியர் வீட்டுக்கு ஏற்றபடி எளிமையானது. நம் நாட்டு விருந்துகளில் ‘ரஷ்யன் சாலட்’ என்று பரிமாறப்படுவது அதன் வழிவந்ததே. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்காமல் அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே வேகவைத்த மஞ்சள்கருவைத் துருவித் தூவும் முறையும் அந்நாட்டில் பரவியது. மேற்பரப்பைச் சூரியகாந்திப் பூவைப் போல அலங்கரிப்பதும் அங்கே பிரபலம்.

எங்கள் வீட்டின் முதல் முயற்சி படுதோல்வி. இரவில் ஓவியம்போல் இருந்த கிண்ணத்தின் அடியில் மறுநாள் நண்பகலில் இரண்டு விரற்கடை நீர் தேங்கியிருந்தது. கேரட்டின் நிறம் கோழியில் இறங்கி, பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அப்போது புரிந்துகொண்டது இது: இந்தச் சாலட்டில் அழகைக் கெடுப்பது கைத்திறனின் குறைவு அன்று, ஈரம். வெள்ளரியும் தயிரும் வேகவைத்த காய்களும் தத்தம் நீரை மெல்லக் கசியவிடும். உப்புப் பட்டால் அக்கசிவு விரைவுபடும். ஆகவே கிண்ணத்துக்குள் போகும் ஒவ்வொன்றும் அதற்கு முன்பே தன் நீரை இழந்திருக்க வேண்டும். வேலையின் முக்காற்பங்கு இதுதான்.

பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, 400 கிராம் உருளைக்கிழங்கு, 250 கிராம் கேரட், 300 கிராம் வெள்ளரி, உரித்த பச்சைப் பட்டாணி ஒரு கோப்பை, 8 முட்டை, ஒன்றேகால் லிட்டர் கெட்டித் தயிர் ஆகியவை போதும். மைசூருவாசிகளுக்கு எங்கள் பரிந்துரை, பட்டாணிக்குப் பதிலாக அவரை விதை. இரவில் ஊறவைத்து மேல்தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பை இங்கே ‘ஹிதகிட பேளெ’ என்பர். நன்றாக வேகவைத்து ஆறவைத்தால் வெளிர்பச்சை நிறமும் மாவுத்தன்மையும் கொண்ட அருமையான அடுக்கு கிடைக்கும். அரைவேக்காடு மட்டும் கூடாது.

விருந்துக்கு இரண்டு நாள் முந்தைய இரவிலேயே தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். காலையில் ஏறத்தாழ அரைக் கிலோ கெட்டியான பாலேடு போன்ற தயிர் நிற்கும். முட்டைகளைக் கெட்டியாக வேகவைத்து, மூன்றின் மஞ்சள்கருவை மட்டும் நன்கு மசித்து இத்தயிருடன் சேர்த்து, ஒரு தேக்கரண்டி கடுகுத்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், சிறிது சர்க்கரை, உப்பு, சில துளி எலுமிச்சைச்சாறு கலந்து அடித்தால் மயோனைசுக்கு இணையான வழவழப்புக் கிடைக்கும்.

மயோனைசையே ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்கலாம். வீட்டில் பச்சை முட்டையை எண்ணெயுடன் அடித்துச் செய்வதையே நாங்கள் தவிர்க்கச் சொல்கிறோம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அது வேகாமல் அப்படியே உணவில் சேர்வதால் ஆபத்து மிகுதி. இக்காரணத்தாலேயே பச்சை முட்டை மயோனைசைக் கேரள அரசு 2023 ஜனவரியிலும், தெலங்கானா அரசு 2024 அக்டோபர் இறுதியிலும் தடை செய்தன. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டை சேர்க்காத புட்டி மயோனைசைக் கடையில் வாங்கிப் பயன்படுத்துவதில் இந்த அச்சம் இல்லை. ஆனால் அதில் எண்ணெய் மிகுதி. தயிரின் மெல்லிய புளிப்பு கோழிக்கு அதைவிடப் பொருந்துகிறது என்பது எங்கள் நாவின் தீர்ப்பு.

கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளை அடுக்களை முழுவதும் பரப்பும். கழுவாமல் மனம் ஒப்பாதவர்கள் பாத்திரத்தில் நீர் நிறைத்து மெதுவாக அலசிவிட்டு, தொட்டியையும் கைகளையும் சோப்பால் கழுவிவிடுவது நல்லது. கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரியை நறுக்கலாகாது. கறியைக் குளிர்ந்த நீரில் உப்பு, இஞ்சித் துண்டு, மிளகு, பிரிஞ்சி இலையுடன் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்ததும் தீயைத் தணித்துப் பதினைந்து நிமிடம் வேகவிட வேண்டும். பின் அடுப்பை அணைத்து, மூடிய பாத்திரத்தில் இன்னும் பத்து நிமிடம். தடித்த பகுதியை வெட்டிப் பார்க்கையில் இளஞ்சிவப்பு சிறிதும் இருக்கக் கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அளவு 74 பாகை செல்சியஸ். வெந்த கறியை அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். நன்கு குளிர்ந்தபின் சிறு சதுரங்களாக நறுக்கலாம். நாராகப் பிய்த்தால் சாற்றை உறிஞ்சிக் கூழாகிவிடும்.

உருளையை வேகவைத்து உரித்து, ஆவி முழுதும் அடங்கியபின் துருவ வேண்டும். சூட்டோடு அடுக்கினால் அந்த ஆவியே நீராகும். கேரட்டை அரைவேக்காட்டில் எடுத்துத் துருவித் துணியில் ஒற்றி உலர்த்த வேண்டும். வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்தெறிந்து, பொடியாக நறுக்கி, உப்புத் தூவி அரைமணி நேரம் வைத்துப் பிழிய வேண்டும். பிழிந்தெடுத்த நீரின் அளவைப் பார்த்து முதன்முறை செய்பவர்கள் வியப்படைவார்கள். அவ்வளவும் கிண்ணத்துக்குள் போயிருக்க வேண்டிய நீர்.

இனி அடுக்குதல். ஒரு பெரிய கிண்ணத்தைவிட, நேரான பக்கங்களுடைய ஒன்றரை லிட்டர் கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு எடுத்துக்கொள்வதே மேல். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம். அடியில் உருளைக்கிழங்கு. மேலிருந்து எவ்வளவு ஈரம் இறங்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். அதன்மேல் வெள்ளரி, பிறகு கோழி, கேரட், துருவிய முட்டை வெள்ளைக்கரு, பட்டாணி அல்லது அவரைப் பருப்பு. இவ்வரிசையில் வெண்மை, பச்சை, இளமஞ்சள், செம்மஞ்சள் என நிறங்கள் மாறி மாறி வரும். உருளையும் கோழியும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் ஒரே பட்டையாகத் தோன்றும். ஒவ்வோர் அடுக்கிலும் முதலில் கண்ணாடியை ஒட்டி ஓரத்தைச் சுற்றி நிரப்பிவிட்டு அதன்பின் நடுவை நிரப்புங்கள். வெளியில் தெரியும் கோடு நேராக அமையும். தயிர்க் கலவையைக் கரண்டியால் தேய்த்தால் கீழடுக்கு பெயர்ந்து வரும். அதனால் கலவையைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் நிரப்பி, மூலையைக் கத்தரித்து, ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்கின்மேல் மெல்லிய இழைகளாகப் பிழிவதே எளிது. கடைசியாக எஞ்சிய கலவையை ஓரம்வரை இடைவெளியின்றிப் பூசி மூடிவிட வேண்டும்.

மேற்பரப்பில்தான் கற்பனைக்கு இடம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தடித்த தாளில் நட்சத்திர வடிவம் வெட்டி, அதன் வழியே மஞ்சள்கருத் துருவலைத் தூவுகிறார்கள். சுற்றிலும் ஈரம் துடைத்த மாதுளை முத்துக்களும் கொத்தமல்லி இலைகளும். கோலமிடத் தெரிந்த கைகளுக்கு இது எளிது. ஆனால் கோலப்பொடிக்குப் பயன்பட்ட பழைய அச்சுகளை உணவின் பக்கமே கொண்டுவர வேண்டாம். சூரியகாந்தி அலங்காரம் விரும்புவோர் ஓரத்தில் உருளை வறுவல்களை இதழ்களாகவும், மத்தியில் விதையற்ற கறுப்புத் திராட்சைப் பாதிகளை விதைகளாகவும் அடுக்கலாம். வறுவல்களை மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில்தான் செருக வேண்டும். முன்கூட்டியே வைத்தால் துவண்டுவிடும். இறைச்சி உண்ணாத விருந்தினர் இருப்பின், கோழிக்கும் முட்டைக்கும் மாற்றாகப் பன்னீரும் வேகவைத்த ராஜ்மாவும் வைத்துத் தனிக் கிண்ணம் செய்து, தனிக் கரண்டியுடன் மேசையின் மறுமுனையில் வைப்பது நாகரிகம்.

1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செலுவாம்பா மாளிகையில் இயங்கிவரும் ஊர் இது. உணவைப் பாதுகாப்பதும் ஓர் அறிவியல் என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். டிசம்பர் மாத மைசூருவின் குளிர் காலையில் இதமாகத் தோன்றினாலும், நண்பகலில் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது வழக்கம். ஆகவே அடுக்கிய கிண்ணத்தை மூடி, முதல் நாள் மாலையே குளிர்பதனப் பெட்டியின் உட்புறத் தட்டில் வையுங்கள். கதவுப் பகுதியில் குளிர் நிலையாக இருப்பதில்லை. பண்டிகையன்று அடிக்கடி கதவு திறக்கப்படுவதையும் நினைவில் கொள்க. மின்தடை நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிடுவதே வழி. கோழியின் விலை மருத்துவச் செலவைவிடக் குறைவு என்பதைக் கணக்கர்களாகிய நாங்கள் உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டு கிண்ணங்கள் எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். விருந்து நெடுநேரம் நடக்கும். வருபவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சாலட்டை மீண்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரவு உண்பது தவறு. எனவே முதற்கிண்ணத்தைப் பனிக்கட்டி நிரப்பிய அகன்ற தட்டின்மேல் வைத்துப் பரிமாறுங்கள். அது காலியானபின், அல்லது இரண்டு மணி நேரம் முடிந்தபின், அதை எடுத்துவிட்டு உள்ளிருந்து இரண்டாவது கிண்ணத்தைக் கொண்டுவாருங்கள். பிற்பகலில் வரும் விருந்தினருக்கும் நட்சத்திரம் கலையாத ஒரு கிண்ணம் காத்திருக்கும்.