பெயர்ப்பலகை – 9: எத்தனை எல்லிஸ்!

மதுரை பெரியார் நிலையத்தில் ஆட்டோ ஏறி, "எல்லிஸ் நகர்" என்றேன். ரயில் பாதைக்கு மேலே பாலம் ஏறும்போது, "யாருண்ணே இந்த எல்லிஸ்?" என்று கேட்டேன்.

"எம்.ஜி.ஆர வச்சுப் படம் எடுத்த வெள்ளக்காரரு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அப்படி ஒருவர் இருந்தது உண்மைதான். பலகை யாருக்கு என்ற பஞ்சாயத்தை இங்கே கூட்டவில்லை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம், வாருங்கள்.

பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசி, கிரேக்கத்தில் எலியாஸ் ஆனார். இங்கிலாந்துக் கிராமத்து வாய்களில் தேய்ந்து எல்லிஸ் ஆனார். நம்மூரில் அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே என்றோ இருந்த ஒரு எல்லிஸின் பெயர், பேரன் கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் வாலாக ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த வாலையே சிலர் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் சொன்ன எல்லிஸ் ஆர். டங்கன் அப்படித்தான். குடும்பப் பெயர் டங்கன், எல்லிஸ் அவருக்கு இட்ட பெயர். அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்தவர். 1936-ல் 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆருக்கு முதல் வேடம் கொடுத்தார். மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியை 'சகுந்தலை'யிலும் 'மீரா'விலும் இயக்கினார். ஆக, மதுரைக்கு அவர் அந்நியரல்ல.

இந்தப் பெயர் வேறு ஊர்களிலும் ஒட்டியிருக்கிறது. நியூயார்க்கில் குடியேற வந்தவர்கள் 1892 முதல் 1954 வரை கால் வைத்த எல்லிஸ் தீவு, சாமுவேல் எல்லிஸ் என்ற வியாபாரிக்குச் சொந்தமாக இருந்தது. அகமதாபாத்தில் சபர்மதி மேல் நிற்கும் எல்லிஸ் பாலம், பாரோ எல்லிஸ் என்ற கமிஷனர் பெயரில் உள்ளது. 1892-ல் அந்த இரும்புப் பாலத்தைக் கட்டிய ஹிம்மத்லால் என்ற இன்ஜினீயர், ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்தார். உடனே, மட்டமான சரக்கு போட்டிருப்பார் என்று விசாரணை. சரக்கு சுத்தம் என்று தெரிந்த பிறகு ராவ் சாகிப் பட்டம். மிச்சம் பிடித்தால் சந்தேகப்படுவது நேற்று வந்த வழக்கமல்ல!

என் மனசு நிற்பது வேறொரு எல்லிஸிடம். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1796-ல் சென்னைக்கு வந்தார், 1810-ல் அங்கே கலெக்டர் ஆனார். 1816-ல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று சான்றோடு எழுதினார். இதையே சொல்லிப் பெயர் வாங்கிய கால்டுவெல் பாதிரியாரின் புத்தகம் வந்தது 1856-ல். நடுவில் 40 வருடம்! எல்லிஸ் அதைத் தனிப் புத்தகமாகப் போடவில்லை. கேம்ப்பெல் என்பவர் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாகக் கொடுத்தார். எடுப்பாரில்லாமல் அது அங்கேயே கிடந்தது.

குறளுக்கு உரை எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறு வெட்டினார். அதைச் சொல்லும் 1818-ம் வருடத்துக் கல்வெட்டிலும் குறள் இருக்கிறது. தன் பெயரை எல்லீசன் என்று தமிழாக்கிக்கொண்டார். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடி, முத்துசாமிப் பிள்ளை என்பவரைத் தென்சீமைக்கு அனுப்பினார்.

நாற்பது வயதுவரை படிப்பு, அதற்குப் பிறகுதான் அச்சு என்று அவர் முடிவு கட்டியிருந்தார். எனக்கு இந்த மனிதரிடம் இருக்கும் ஒரே கோபம் இதுதான். நாற்பது தாண்டியதும், மேலும் படிக்க மதுரைப் பக்கம் வந்தார். 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில், தவறுதலாக உட்கொண்ட ஏதோ ஒன்று விஷமாகி, இறந்தார். 41 வயது.

சாமான்களைச் சென்னையிலும் மதுரையிலும் ஏலம் போட்டார்கள். கையெழுத்துக் காகிதங்களை யார் ஏலம் எடுப்பார்கள்? அவை மதுரை கலெக்டர் ரௌஸ் பீட்டரின் சமையல்காரருக்கு, அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பல மாதம் பயன்பட்டதாகப் பேச்சு. இதை எழுதி வைத்தவர் வால்டர் எலியட் என்ற அதிகாரி. (எலியட் என்ற பெயருக்கும் அதே எலியாவைத்தான் மூலமாகச் சொல்கிறார்கள். பெசன்ட் நகர் கடற்கரை எலியட் வேறு ஆள்.) சங்கம் வளர்த்ததாகப் பெருமை பேசும் ஊரில் இப்படி ஒரு அடுப்பு எரிந்திருக்கிறது. ஆனால் சமையல்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காகிதத்தின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டியவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள்.

தப்பிய தாள்களில் சில எலியட் கைக்கு வந்து, அவரிடமிருந்து ஜி.யு. போப்புக்குப் போய், கடைசியில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் சேர்ந்தன. அவற்றையும் லண்டனில் உள்ளவற்றையும் தேடிப் படித்த வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன், 2006-ல் எல்லிஸ் பற்றி முழுப் புத்தகம் எழுதினார். 'திராவிடச் சான்று' என்று தமிழிலும் வந்திருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தச் சமையல்காரரின் எஜமானர் லேசுப்பட்டவரல்ல. மீனாட்சிக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்து, 'பீட்டர் பாண்டியன்' என்று பெயர் வாங்கியவர். அவர் கதை அடுத்த வாரம்.